செத்தாச்சு என்று சொல்கிற வேலை

கரும்புக்குத் தீ வைக்கிற மாதங்களில் இந்த ஊரில் வெள்ளைச் சட்டை போடக் கூடாது, சார்ஜென்ட். நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பது உங்கள் காலரைப் பார்த்தாலே தெரிகிறது. கரி விழுந்தால் கையால் தட்டாதீர்கள், அப்பிக்கொள்ளும். வாயால் ஊதிவிடுங்கள். போய்விடும்.

காகிதம் கொடுத்ததற்கு நன்றி. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டச்சு செய்வதைவிட நானே எழுதுவது நல்லது. எழுத்து எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. மெதுவாக வரும். அதனால் அவசரப்பட்டு எதையோ எழுதிவிட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது.

விலியாமே இறந்தது விபத்து என்று உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள். தன்னுடைய கவனக்குறைவால் நடந்தது என்று ஆல்டோ பிரெஸான் ஒப்புக்கொண்டும்விட்டான். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். ஒரு நல்ல மனிதன் தான் செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு திரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

என் பெயர் மெர்வ் ஹாடோ. மீசை முளைப்பதற்கு முன்னாலேயே கரும்பு வெட்டப் போனேன். வெட்டுகிற எந்திரங்கள் வந்ததும் ஆலையில் கொதிகலன் அடியில் சாம்பல் அள்ளினேன், முதுகு போகிறவரைக்கும். ஆல்டோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்பு போட்டவன். மனைவி இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டிராக்டர் கொட்டகையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டான். என் மனைவியும் போய்விட்டாள். இறக்கவில்லை, டவுன்ஸ்வில் நகரத்துக்குப் போய்விட்டாள். ஆக இரண்டு பேருக்கும் பகல் பொழுது காலியாக இருந்தது. அவனிடம் கொட்டகை இருந்தது, கொட்டகைக்குள் மோட்டார் இருந்தது.

மோட்டாரைப் பற்றி உங்கள் ஆட்கள் எழுதியதில் 'ஏதோ சோதனைக் கருவி' என்று இருக்கிறது. அப்படி விட்டுவிடக் கூடாது. ஆலைப் பம்பிலிருந்து கழித்துப் போட்ட மூன்று ஃபேஸ் மோட்டார் அது. அதை வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, மின்சாரத்தைத் தேக்குகிற கெப்பாசிட்டர்களை ஒன்று கூட்டி ஒன்று குறைத்துப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மோட்டாருக்குச் சுருதி சேரும். ஆல்டோ அப்படித்தான் சொல்வான். சுருதி சேர்ந்ததும் சத்தம் மாறிவிடும். உறுமல் போய் முனகலாகும். குடிக்கிற மின்சாரம் சட்டென்று குறையும். ஆனால் சுற்றுக்குள்ளே மின்சாரம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் பலமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்திலிருந்து கொஞ்சம் வழித்தெடுத்து, பெரிய கெப்பாசிட்டர் வரிசை ஒன்றில் தேக்கி, அங்கிருந்து பாட்டரிகளுக்குத் திருப்பிவிட வேண்டும். போனதைத் திரும்பப் பிடிப்பது. இதுதான் ஆல்டோவின் எண்ணம். இந்த எண்ணத்தோடு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்வார்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. யாருக்கும் வரவில்லை.

எனக்குப் படமும் புரியாது, கணக்கும் புரியாது. என் வேலை சுவிட்சும் விளக்கும். நீளமான கட்டையின் நுனியில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு கம்பி. மோட்டாரை நிறுத்தினாலும் அந்தக் கெப்பாசிட்டர் வரிசை தன்னிடம் தேங்கியதை விடாது. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தைப்போலப் பல மடங்கு வேகத்தோடு பிடித்துவைத்திருக்கும். யாராவது தொட்டால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிடும். அதனால் நான் கட்டையை நீட்டிக் கம்பிகளை அதன் இரண்டு முனையிலும் வைப்பேன். பல்பு கண் கூசும்படி எரியும், மஞ்சளாகும், சிவக்கும், அணையும். அணைந்ததும் நான் "செத்தாச்சு" என்று உரக்கச் சொல்வேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது. இது ஆல்டோ போட்ட சட்டம்.

"பாதிரியார் வந்து சொன்னாக்கூட நம்ப மாட்டேன். மெர்வ் சொன்னாத்தான் செத்துது" என்பான்.

வாழ்நாள் முழுக்க நான் பேசி யாரும் எதையும் செய்ததில்லை. அந்தக் கொட்டகையில் ஒரு மனிதன் என்னுடைய ஒரே ஒரு சொல்லை நம்பித் தன் இரண்டு கையையும் உள்ளே விடுவான். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

விலியாமே வந்த கதை எளிமையானது. ஃபிஜியில், லவுட்டோகா ஆலையில் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி சலோட்டேக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, அவளோடு வந்தான். பழைய இரும்புக் கடையில் ஒரே மோட்டாரை ஆல்டோ ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். யார் முதலில் பிடித்தது என்று சண்டை வந்திருக்க வேண்டும். சண்டைக்குப் பதிலாக மோட்டாரையும் அவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆல்டோ வந்து இறங்கினான்.

பெரிய உடம்பு, பஞ்சு மாதிரித் தலைமுடி, சிரிப்பு மட்டும் தனியாக ஒரு ஆள் போல முன்னால் வரும். செருப்பைக் கொட்டகை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வந்தான். அவர்கள் வழக்கம் அது. அடுத்தவர் கூரைக்குள் செருப்போடு போக மாட்டார்கள். ஆல்டோ கத்தினான். மின்சாரம் ஓடுகிற இடத்தில் வெறுங்காலா, லவுட்டோகாவில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்றான். ஆலை எசமானனுடையது, அங்கே பூட்ஸ் போட்டேன், இது உன் வீடு என்றான் அவன். அடுத்த வாரமே ஆல்டோ கடைக்குப் போய்த் தடித்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தான். கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும், மண் படாது, மரியாதையும் கெடாது என்று அலமாரியில் வைத்தான். நான் அத்தனை வருடமும் ஆலையில் கொடுத்த பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கால் பிளந்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டுகிற ஆள் நான் இல்லை.

வந்த மாதத்திலேயே ஆல்டோவை அவன் 'தவாலே' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவர்கள் பக்கத்தில் மாமன் மகனைக் கூப்பிடுகிற சொல். மச்சான் மாதிரி. தவாலே என்று ஆகிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பண்ணலாம், கேட்காமல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம், எதிராளி கோபப்படக் கூடாது. ஆல்டோவுக்கு அது பிடித்துப்போனது. அவனும் திருப்பித் தவாலே என்றான்.

"தவாலே, இத்தாலிக்காரன் போட்ட காப்பின்னா அமிர்தமா இருக்கும்னாங்க. கிரீஸை வெந்நீர்ல கலக்கி வச்சிருக்க."

"குடிக்காத போ. சேத்தைக் கரைச்சு சட்டியில மொண்டு குடிக்கிற பய, எனக்குக் காப்பி சொல்லித்தர வந்துட்டான்."

"அது கவா, வேரை இடிச்சுக் கரைக்கிறது. அதைக் குடிச்சா சண்டை வராது. உன் காப்பியைக் குடிச்சுதான் உங்க ஊரே கத்திக்கிட்டுக் கெடக்கு."

இப்படிப் பேசிக்கொண்டே இருவரும் ஒரே முறுக்காணியை ஆளுக்கொரு பக்கம் திருகுவார்கள். என் பக்கம் திரும்பும்போது மட்டும் விலியாமேயின் குரல் இறங்கிவிடும். "துராங்கா, உங்களுக்குக் காப்பி ஊத்தட்டுமா? துராங்கா, இப்படி நகந்து உக்காருறீங்களா, இரும்புத்தூள் தெறிக்கும்." துராங்கா என்றால் பெரியவர், தலைவர். கவா கரைத்தால் முதல் சிரட்டை எனக்குத்தான் வரும். நான் வாங்கிக் கீழே வைத்துவிடுவேன். எனக்குப் பின்னால் போகும்போது குனிந்து, ஏதோ மன்னிப்புச் சொல் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போவான்.

"ஒன்னை ராசா மாதிரி வச்சிருக்கான். எனக்குப் பாரு, நாய்க்குக் குடுக்கிற மரியாதை" என்று ஆல்டோ சிரித்தான்.

நானும் சிரித்தேன். மரியாதை என்பது என்ன என்று எனக்குத் தெரியும், சார்ஜென்ட். ஆலை மேனேஜருக்கு நான் கொடுத்தது மரியாதை. நடுவில் ஒரு ஆற்றை விட்டுவிட்டு அந்தக் கரையில் நின்று கும்பிடுவது. ஆல்டோவும் அவனும் ஒரு கரை. நான் இன்னொரு கரை. அந்தக் கரையை எனக்குக் கொடுத்தது அவன்தான், சிரட்டையில் வைத்து.

பொறாமை என்று எழுத உங்களுக்குக் கை வரும். அந்தச் சொல் இங்கே பொருந்தாது. இல்லாததற்கு ஏங்குவது பொறாமை. எனக்கு இருந்தது. இருந்ததைக் காவல் காப்பது வேறு.

பாட்டரி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், யாராவது தோண்டி எடுத்து வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால். அந்தப் பாட்டரிகளின் முனைகளில் பூக்கும் உப்பைத் துடைக்கிறேன் என்று அவ்வப்போது அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவேன். துடைப்பேன். துடைத்துவிட்டு என் வீட்டுச் சுவரில் செருகிக் கொஞ்சம் ஏற்றியும் வைப்பேன். நிறைய இல்லை. மறுநாள் ஆல்டோ மீட்டரை வைத்துப் பார்க்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிற அளவுக்கு. மோட்டார் ஓடிய பிறகு பாட்டரி ஏறியிருக்கிறது என்றால் திரும்பிவருகிறது என்றுதானே அர்த்தம். அந்த நாட்களில் அவன் என் தோளைத் தட்டுவான். "வந்துட்டோம் மெர்வ், வாசல்கிட்ட வந்துட்டோம்" என்பான். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை. கரண்ட் பில் என்னுடையது.

விலியாமே அதைக் கண்டுபிடித்தான். எப்படி என்று எனக்குத் தெரியாது, பாட்டரியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. ஆல்டோ காய்கறித் தோட்டத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து என்னிடம் வந்து, எதிரே நிற்காமல் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"துராங்கா, பாட்டரிக்கு நீங்க வீட்டுல சோறு ஊட்டுறீங்க. எனக்குத் தெரியும். அவன்கிட்டச் சொல்ல மாட்டேன்."

நான் கையிலிருந்த துடைக்கிற துணியை மடித்தேன்.

"அன்புலதான் செய்றீங்க. எனக்கு அது புரியுது" என்றான்.

சார்ஜென்ட், திருட்டைக் கண்டுபிடித்தவன் ஊரைக் கூட்டினால் தாங்கிக்கொள்ளலாம். கீழே உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, உனக்காக மறைக்கிறேன் என்று சொன்னால் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கும் ஆல்டோவுக்கும் நடுவில் இருந்த ஒரே ரகசியத்துக்கு அவன் சாவி வைத்திருந்தான். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சொன்ன வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றினான்.

ஆனால் பொய்யை அப்படியே விடவும் அவனுக்கு மனம் இல்லை. பாட்டரியைத் தொடாமல் வேறு வழியில் வந்தான். ஆல்டோ எப்போதும் சுற்றுக்குள் ஓடுகிற வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து இரண்டையும் பெருக்குவான். பெருக்கினால் உள்ளே போவதைவிட நாலு மடங்கு வரும். அந்த எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் கதவில் எழுதி வைத்திருந்தான். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது என்று எனக்கு இப்போது தெரிகிறது. விலியாமே, இடித்த வீடு ஒன்றிலிருந்து சக்கரம் சுற்றுகிற பழைய மின் மீட்டர் இரண்டு கொண்டுவந்தான். ஒன்றை உள்ளே போகிற வழியில் வைத்தான். திரும்பி வருவதைப் பாட்டரிக்கு விடாமல், ஒரு சின்ன இன்வெர்ட்டர் பெட்டி வழியாக விளக்கு வரிசைக்குக் கொடுத்து அதன் வழியில் மற்றொன்றை வைத்தான். சுருதி சேர்ந்தது. உள்ளே போகிற சக்கரம் சுற்றியது. வெளியே வருகிற சக்கரம் நத்தை மாதிரி நகர்ந்தது.

ஆல்டோ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தவாலே, ஊஞ்சல்ல ஒருத்தன் ஆடுறான்" என்றான் விலியாமே. "முன்னால போனது எவ்வளவு தூரம், பின்னால வந்தது எவ்வளவு தூரம், ரெண்டையும் நாள் பூராக் கூட்டிக்கிட்டே இருந்தா, சிட்னிக்கே போயிட்டேம்பான். அவன் எங்கயும் போகலடா. பலகையிலதான் உக்காந்திருக்கான்."

நான் ஆல்டோவின் முகத்தைப் பார்த்தேன். இப்போது உடைவான் என்று நினைத்தேன். உடைந்ததும் உடைத்தவனை வெளியே தள்ளுவான், நான் தோளைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆல்டோ சிரிக்க ஆரம்பித்தான். மனைவி போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கதவில் எழுதியிருந்த எண்ணைச் சட்டைக் கையாலேயே அழித்தான். "இத்தனை வருசமா ஊஞ்சல்ல உக்காந்துக்கிட்டு சிட்னிக்கு வழி கேட்டிருக்கேன்" என்றான். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தான். மெர்வ், உனக்குத் தெரியுமா இது என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. பாட்டரி பற்றியும் கேட்கவில்லை. நான் அங்கே இருப்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த சில நாட்களில் புதுத் திட்டம் வந்துவிட்டது. திரும்பி வராவிட்டால் போகட்டும், சுருதி சேர்ந்த மோட்டார் சும்மா ஓடும்போது கொஞ்சமாகத்தான் குடிக்கிறது என்பது உண்மைதானே. விலியாமேயின் தீவில் ஊற்றிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றப் பெண்கள் வாளி சுமக்கிறார்கள். சூரியத் தகடு போட்டுச் சின்ன மோட்டார் ஒன்றை இதே மாதிரி ஓட்டிப் பார்த்தால் என்ன? இருவரும் போய் மழைக்காலம் முழுக்க அங்கே தங்கி வேலை செய்வது, கெப்பாசிட்டர் வரிசையைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது என்று முடிவாயிற்று. ஆல்டோ கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். படத்தில் இளமையாக இருந்தான்.

"துராங்கா, நீங்களும் வாங்க. எங்க ஊர்ல உங்களை நடக்கவே விட மாட்டாங்க" என்றான் விலியாமே.

அது வெறும் உபசாரம். போகிற போக்கில் சொல்வது. சலோட்டேயும் இரண்டு முறை என் வீட்டுக்கு வந்து அதையே கேட்டாள், கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். உபசாரம்தான்.

ஆல்டோ சொன்னதுதான் முக்கியம். "நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். கொட்டகையைப் பாத்துக்கோ மெர்வ். எலி வராமப் பாத்துக்கோ" என்றான்.

கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை முழுச் சுற்றையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆல்டோ ஆசைப்பட்டான். காலை நேரம். ஆற்றுக்கு அப்பால் யாரோ கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள், கரி இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சுருதி சேர்ந்து முனகியது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு ஆல்டோ தலையாட்டினான், நான் சுவிட்சை இறக்கினேன்.

விலியாமே அலமாரியில் பூட்ஸைத் தேடினான். காணவில்லை. என் தவாலே வித்துத் தின்னுட்டான் என்றான். உன் கால் அளவுக்குப் படகுக்காரன்தான் வாங்குவான் என்றான் ஆல்டோ. இருவரும் சிரித்தார்கள். அவன் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கெப்பாசிட்டர் வரிசையின் பட்டையைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான். கை வைக்கவில்லை. அவனும் அந்தச் சட்டத்தை மதித்தவன்.

நான் கட்டையை நீட்டிக் கம்பிகளை இரண்டு முனையிலும் வைத்தேன். பல்பு எரியவில்லை. முதலில் எரிந்து பிறகு அணைய வேண்டும். அது ஆரம்பத்திலிருந்தே இருட்டாக இருந்தது. அவர்கள் இருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பூட்ஸைப் பற்றி இன்னும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"துராங்கா, செத்துடுச்சுங்களா?" என்று கேட்டான் அவன், திரும்பாமலே.

"செத்தாச்சு" என்றேன்.

அவன் இடது கையால் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மற்றதில் ஸ்பேனரை வைத்தான். சத்தம் பெரிதாக இல்லை. ஆல்டோ அவன் பக்கத்தில் மண்டியிட்டு நெஞ்சை ஆம்புலன்ஸ் வருகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன் என்று அவர்களே சொன்னார்கள்.

உங்கள் ஆட்கள் பல்பைப் பார்த்தார்கள். இழை அறுந்திருந்தது. விளக்கு செத்திருந்ததால், கெப்பாசிட்டர் செத்துவிட்டது என்று வயதான மனிதர் தவறாக நினைத்துவிட்டார் என்று எழுதினார்கள். பல்பை அவ்வப்போது பார்த்து மாற்றுவது ஆல்டோவின் பொறுப்பு. "நான்தான் மாத்தியிருக்கணும். மெர்வை ஒண்ணும் கேக்காதீங்க. என் தவாலேயை நான்தான் கொன்னேன்" என்று அவன் சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் கை என் தோளில் இருந்தது. அதனால் பேசவில்லை.

அந்தப் பல்பு கொட்டகையில் அறுந்ததல்ல. என் சமையலறையில் அறுந்தது. ஆல்டோ கடவுச்சீட்டுப் படத்தைக் காட்டிய அன்றைக்கு அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கட்டையில் மாட்டினேன். கட்டையில் இருந்த நல்ல பல்பு இப்போது என் சமையலறையில் எரிகிறது. போய்ப் பாருங்கள். பூட்ஸ் என் வண்டியில் ஓட்டுகிற இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பெரிது.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். சந்தேகம் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பீர்கள். இன்னும்கூட அப்படியே இருந்திருப்பேன். நடந்ததெல்லாம் ஓரளவு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆல்டோ சாப்பிடவில்லை, நான் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேசவில்லை, நானும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தேன். பழைய மாதிரி இரண்டு நாற்காலிதான். மோட்டார் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். எலி வராமலும் பார்த்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் சலோட்டே வீட்டுக்குப் போனான். என்னையும் துணைக்கு வரச் சொன்னான். அவர்கள் ஆட்களில் மன்னிப்புக் கேட்க ஒரு முறை இருக்கிறது. திமிங்கிலப் பல்லைக் கயிற்றில் கோத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செத்தவன் வீட்டார் முன்னால் மண்டியிட்டுத் தலை குனிந்து உட்கார வேண்டும். டவுன்ஸ்வில்லில் இருக்கிற அவர்கள் சபைப் பெரியவர் ஒருவர் பல்லைக் கொடுத்து, ஆல்டோவுக்கு முறையையும் சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் வாசலில் பூட்ஸைக் கழற்றினான். வெறுங்காலோடு உள்ளே போய், பாயில் மண்டியிட்டான். முட்டி வலிக்கிறவன். நான் கதவருகே நின்றேன். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

பிறகு விலியாமேயின் தம்பி கையை நீட்டி அந்தப் பல்லை வாங்கிக்கொண்டான். எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். சலோட்டே எழுந்து வந்து ஆல்டோவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் குழந்தை மாதிரி அழுதான். அந்தத் தம்பி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "போதும் தவாலே, போதும். இனிமே நீ எங்க ஆளு" என்றான்.

திரும்பி வரும்போது வண்டியில் ஆல்டோ சொன்னான். துக்கம் முடிக்கிற சடங்குக்கு அவர்களோடு தீவுக்குப் போகிறானாம். பம்பை வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவானாம். வராமலும் போகலாம், அங்கே இடம் கொடுக்கிறார்கள் என்றான். அவன் முகம் தெளிந்திருந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், சார்ஜென்ட். அந்த மன்னிப்பு யாருக்கு வர வேண்டியது? தப்பு என்னுடையது. அதன் பேரில் இன்னொருவன் போய் மண்டியிட்டு, அழுது, தட்டிக்கொடுக்கப்பட்டு, சொந்தமும் ஆகிவிட்டான். அவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. செத்த பிறகும் அந்த ஆள் ஆல்டோவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான், நான் வைத்த பல்பை வைத்துக்கொண்டே. இது நியாயம் இல்லை. நியாயம் இல்லாததைத் திருத்தத்தான் வந்தேன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஃபிஜியின் நாண்டிக்குப் போகிற விமானம் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் இதை ஆல்டோவுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் சுருக்கி எழுதுவதை அல்ல, என் கையால் எழுதிய இதை. சலோட்டேயைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம். தனியாக உட்கார வைத்துப் படியுங்கள். படித்து முடித்ததும் அவன் முகத்தைப் பாருங்கள்.

பிறகு இங்கே வந்து, அவன் என் பெயரைச் சொன்னானா என்று மட்டும் சொல்லுங்கள்.